ராத்திரி முழுக்க நின்ற பெட்டி: சிம்மக்கல் பேட்டரிக் கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை சிம்மக்கல்லில் ஒரு சந்துக் கடையில் கட்டித் தருகிற பேட்டரி நல்ல பேட்டரி, தாராளமாக வாங்கலாம். அதோடு சேர்த்துக் கட்டித் தருகிற ஒயர், மீட்டர், பூஸ்டர் மூன்றையும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இது போதும் என்பவர்கள் இத்தோடு போகலாம். கதையும் வேண்டும் என்பவர்கள் ஒரு டீயை வாங்கிக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் நீளும்.

எனக்குத் தொழில் சிசிடிவி கேமரா மாட்டுவது. ஏணி, டிரில், கேபிள் கட்டு, கிரிம்பிங் டூல், இதுதான் 19 வருடப் பிழைப்பு. ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கி சொந்த ரேடியோ செட்டில் வெளியூரோடு பேசுகிற பொழுதுபோக்கு, நடுவில் பிடித்த கிறுக்கு. அதற்கான ஏஎஸ்ஓசி பரீட்சை எழுதி, ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் வாங்கி, வியு3 என்று தொடங்குகிற ஒரு கால்சைனும் (ரேடியோவில் என் அடையாளப் பெயர்) கையில் இருக்கிறது. வீட்டில் அந்த ரேடியோ செட்டுக்கு வைத்திருக்கும் பெயர் ‘கொர்ர் பெட்டி’.

2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகள் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். என் மச்சினன் வீடு ஸ்ரீவைகுண்டத்தில்தான். இரண்டு நாள் அவனுக்கு லைன் கிடைக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். "அத்தான், டவரெல்லாம் நல்லாத்தான் நிக்கி. கரண்டுதான் இல்ல" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் என் மண்டைக்குள்ளேயே கிடந்தது. கேமரா வேலையிலும் அதுதானே கதை? படத்தைப் பதிகிற டிவிஆர் நன்றாக இருக்கும், கேமரா நன்றாக இருக்கும், அடாப்டர் மண்டையைப் போட்டிருக்கும்.

அந்த மாதிரி நேரத்துக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மெஷ், அதாவது எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு ரேடியோ வலை, போட்டிருக்கிறோம். மொட்டைமாடிகளில் பார்த்திருப்பீர்களே, பக்கத்து கட்டடத்துக்கு இன்டர்நெட் கொண்டுபோக மாட்டியிருக்கும் வெள்ளை டப்பா, நானோஸ்டேஷன், மைக்ரோடிக் மாதிரி. அதில் கம்பெனி சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு ஏஆர்இடிஎன் என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு டப்பாவை அதுவே தேடிப் பிடித்துக் கைகோத்துக்கொள்ளும். அமெரிக்க ஹாம்கள் பேரிடர்க் காலத்துக்கென்றே எழுதி வைத்தது. சிம் வேண்டாம், டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். நெட்வொர்க் கேபிளில் ஓடுகிற ஐபி போனை மாட்டினால் மணி அடிக்கும், பேசலாம். கேமராவை மாட்டினால் படம் போகும். அவர்கள் ஊரில் ஹாம்களுக்கென்று வைஃபைக்குக் கீழே மைனஸ் 1, மைனஸ் 2 என்றெல்லாம் சேனல் வைத்து ஓட்டுவார்கள். அதைப் பார்த்துக் கை அரித்தாலும் நான் தொடுவதில்லை. எல்லோருக்கும் திறந்துவிட்ட வைஃபை சேனலில், அதற்குரிய பவரில்தான் ஓட்டுகிறேன்.

என் வீடு ஒத்தக்கடை. தம்பி ஒருவர் அப்பன்திருப்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யானைமலை குறுக்கே படுத்திருக்கிறது. ஐந்து கிகாஹெர்ட்ஸ் சிக்னலுக்குப் பாறையைத் துளைக்கிற சாமர்த்தியம் கிடையாது. ஆனால் மாட்டுத்தாவணிப் பக்கம் வாத்தியார் வீட்டு மூன்றாம் மாடியில் நின்றால் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் தெரியும், அழகர்கோவில் ரோடு பக்கமும் தெரியும். அவர் ரிட்டையர்டு பிசிக்ஸ் வாத்தியார். அவர் மாடியில் இரண்டு டப்பா, ஒன்று என்னைப் பார்த்து, ஒன்று தம்பியைப் பார்த்து. நான் தம்பியோடு பேசினால் பேச்சு வாத்தியார் வீடு வழியாக யானையைச் சுற்றிப் போகும். மெஷ் என்பது இவ்வளவுதான்.

முதல் ஒத்திகை போட்டோம். ராத்திரி 9 மணிக்கு எல்லோரும் மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஓட வேண்டும், விடியும்வரை நிற்க வேண்டும் என்று பேச்சு. மூன்று பேரிடமும் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் அந்த 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் ஹவர், எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்ற அளவு) ஆசிட் பேட்டரிதான். 1:40-க்கு வாத்தியார் வீட்டு பேட்டரி படுத்தது. என் டப்பா ஓடிக்கொண்டிருந்தது, தம்பியின் டப்பாவும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் யாருக்கும் யாரும் இல்லை. நடு ஸ்டேஷன் போனால் மூன்றும் போன மாதிரிதான்.

வாத்தியார் மறுநாள் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் மாடியில் இரண்டு டப்பா, ஒரு ரவுட்டர், எல்லாம் சேர்ந்து 11 வாட். 12 வோல்ட்டுக்கு 0.9 ஆம்பியர். பேட்டரி மேல் எழுதியிருக்கும் 7 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. வேகமாக இறக்கினால் குறைச்சல். பழசு என்றால் இன்னும் குறைச்சல். அதிலும் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுசை நாமே தின்கிறோம். மதுரை வெயிலில் ஒரு தகரக் கொட்டகையில் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "ஏழுன்னு எழுதியிருக்குன்னு ஏழுன்னு நம்பிட்டமே" என்றார்.

இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஏஎச் ட்யூப்ளர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஐம்பது கிலோவுக்கு மேல். வெள்ளத்தில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அப்போதுதான் இந்தக் கடை. கூட கேமரா வேலை செய்கிற பையன் சொல்லித்தான் போனேன். சிம்மக்கல்லில் இருந்து யானைக்கல் பக்கம் இறங்கும்போது இடது கைப் பக்கம் ஒரு சந்து. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் சோலார் தெருவிளக்குகள் நாலைந்து கவிழ்ந்து கிடக்கும், அதுதான் அடையாளம். உள்ளே ஆறுக்குப் பத்து இடம். பாய் ஒருவர், காலேஜ் படிக்கிற அவர் மகள், டீ கிளாஸோடு எட்டாம் வகுப்பு மாதிரி தெரிகிற ஒரு பையன் (அவன் டீக்கடைப் பையனில்லை, அவர் தங்கச்சி மகனாம், லீவு நாளில் மட்டும் வருவான்).

பாய் முதலில் கேட்டது, "எதுக்குண்ணே, மீன் பிடிக்கவா, தெருவிளக்கா, பூக்கடைக்கா?" ரேடியோவுக்கு என்றேன். எஃப்எம் பாட்டுக் கேட்க எதற்கு இத்தனை பெரிய பேட்டரி என்ற மாதிரி பார்த்தார். எவ்வளவு வாட், எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டு, காற்றிலேயே விரலால் கணக்குப் போட்டு, "24 ஏஎச் போடுங்க, போதும்" என்றார். எனக்கு 40, 50 என்று தலையில் கட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அங்கேயே பாதி மனசு விழுந்துவிட்டது.

இங்கே கட்டுவது லித்தியம் ஃபெர்ரோ பாஸ்பேட். தெருவிளக்குக்காரர்களும் எலக்ட்ரிக் வண்டிக்காரர்களும் ‘எல்எஃப்பி’ என்பார்கள். போனில் இருக்கிற லித்தியம் மாதிரி எளிதில் தீப்பிடிக்கிற சாதி இல்லை. ஒரு செல் 3.2 வோல்ட், நாலு செல்லை வரிசையாகக் கோத்தால் 12.8. பழைய 12 வோல்ட் சாமான் எல்லாம் இதில் அப்படியே ஓடும். கடையில் இருப்பது 32700 என்ற உருளைச் செல், 32 மில்லிமீட்டர் தடிமன், 70 மில்லிமீட்டர் உயரம், ஒன்று 6 ஏஎச். நாலு வரிசை, வரிசைக்கு நாலு, ஆக 16 செல்.

இனி நான் இந்தக் கடையை மெச்சுகிற இடம். மகள்தான் செல் பொறுக்குகிறார். ஒரு தட்டில் அறுபது, எழுபது செல் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு மீட்டரின் இரண்டு முனைக்கு நடுவே வைத்து வோல்ட்டும் உள் ரெசிஸ்டன்ஸும் பார்க்கிறார், செல் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதுகிறார், ஒரே மாதிரி எண் வருவதை ஒரு பக்கம் ஒதுக்குகிறார். என் பெட்டிக்குப் பொறுக்கியதில் இரண்டைத் தூக்கிப் போட்டார். ஏன் பாப்பா, நல்லாத்தானே இருக்கு என்றேன். "இது ரெண்டும் மத்ததுக்கு முன்னாடி இறங்கிரும் அங்கிள். ஒண்ணு இறங்கினா பிஎம்எஸ் எல்லாத்தையும் சேத்து நிறுத்திரும்" என்றார். பிஎம்எஸ் என்பது பெட்டிக்குள் செல்களைக் காவல் காக்கிற சின்ன போர்டு. வாத்தியார் வீட்டு மாடியில் எங்களுக்கு நடந்ததும் அதேதான். பிறகு நிக்கல் பட்டையை வைத்து ஸ்பாட் வெல்டிங். கால் பெடலை மிதிக்க மிதிக்க ‘டிக், டிக்’ என்று ஒரு பொறி. ஒவ்வொரு செல் தலையிலும் நாலு புள்ளி. வெல்டிங் வைத்த பட்டையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், பழைய செல்லுக்குப் புது நீலச் சட்டை போட்டு விற்கிற கூட்டம் நிறைய இருக்கிறது. ஆன்லைனில் நானே ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். மேலே 20 ஏஎச் என்று போட்டிருந்தது, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருந்தது. 32700 செல் ஒன்று ஏறக்குறைய 140 கிராம் இருக்கும். எடை பொய் சொல்லாது. பாய் கட்டிக் கொடுத்த பெட்டியைப் பக்கத்து வாழைப்பழக் கடைத் தராசில் வைத்தேன், 2 கிலோ 900. கணக்கு சரியாக வந்தது. பழக்கடை அம்மா, "என்னய்யா இது, வெடிக்காதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே எடை போட்டார்.

கடையில் லோடு டெஸ்டும் உண்டு. பைக்குக்குப் போடுகிற மாதிரி இல்லாமல் கார் ஹெட்லைட் பல்பு, 60 வாட் ஹாலஜன், ஒரு ஓட்டில் வைத்து மாட்டியிருக்கிறார்கள். பேட்டரியை ஃபுல் சார்ஜ் ஏற்றி, அந்த பல்பை எரியவிட்டு, எப்போது அணைந்தது என்று நோட்டில் எழுதுகிறார்கள். என் பெட்டிக்கு 4 மணி 50 நிமிடம் என்று எழுதியிருந்தது. வீட்டில் வந்து நானே டிசி வாட் மீட்டர் மாட்டி ஒரு தடவை இறக்கினேன். பிஎம்எஸ் கட் ஆகும்போது 22.6 ஏஎச், 290 வாட் ஹவர். எழுதியிருப்பது 24. எனக்கு இது மகா திருப்தி. ஸ்டிக்கரில் இருப்பதற்கு இவ்வளவு பக்கத்தில் வந்த பேட்டரியை நான் இதுவரை வாங்கியதில்லை.

சரி, புகழ்ந்தது போதும்.

பெட்டியின் மூடியில் ஒரு சின்ன மீட்டர் ஒட்டித் தருகிறார்கள். நாலு கட்டை, பேட்டரி படம், பார்க்க அழகு. அது ஆசிட் பேட்டரிக்குச் செய்த மீட்டர். ஆசிட் பேட்டரி இறங்க இறங்க வோல்ட்டும் படிப்படியாக இறங்கும், அதனால் கட்டையைப் பார்த்துச் சொல்லலாம். எல்எஃப்பி அப்படி இல்லை. முக்கால்வாசி இருக்கும்போதும் 13.2, கால்வாசி இருக்கும்போதும் 13. நடுவில் கிடைப்பது புள்ளி இரண்டு வோல்ட் வித்தியாசம். அந்த மீட்டருக்கு 12.7-க்கு மேல் எல்லாமே ஃபுல். அதாவது காலியாகப் போகிறவரை ‘நான் நிறைஞ்சிருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும், பிறகு திடீரென்று இருட்டு. இதை பாயிடம் சொன்னேன். "கஸ்டமர் கேக்குறாங்கண்ணே, கட்டை இல்லன்னா வாங்க மாட்டேங்குறாங்க" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. உங்களுக்கு ஆம்பியரை எண்ணுகிற வாட் மீட்டர்தான் வேண்டும். எவ்வளவு போட்டோம், எவ்வளவு எடுத்தோம் என்று கணக்கு வைக்கிற மீட்டர். ஐநூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

அடுத்தது ஒயர். இதில்தான் எனக்கு நிஜமாகக் கோபம்.

பெட்டியில் இருந்து வெளியே வருவது ஸ்பீக்கர் ஒயர் மாதிரி ஒரு சிவப்பு-கறுப்பு, முனையில் அடாப்டர்களில் வரும் அந்த வட்ட டிசி ஜாக். தம்பியின் தோப்பில் மோட்டார் ரூம் மேலே கம்பம் நட்டு டப்பாவை மாட்டியிருந்தோம். பேட்டரி கீழே ரூமுக்குள். நடுவில் 30 மீட்டர் நெட்வொர்க் கேபிள், அதிலேயே கரண்டும் போகிறது. எங்கள் தொழிலில் பிஓஇ என்று தினமும் சொல்கிற வார்த்தைதான். 4, 5-ம் கம்பியில் பாசிட்டிவ், 7, 8-ம் கம்பியில் நெகட்டிவ். டப்பாவில் 24 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் 12-லும் ஓடும், பல ஹாம்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் என் டப்பா 10.5-க்குக் கீழே போனால் ரீபூட் ஆகிவிடும்.

டப்பா கிளம்பும். இரண்டு நிமிடம் பூட் ஆகும். வாத்தியார் வீட்டைப் பிடிக்கும். தம்பி "அண்ணே, கேக்குதா" என்பார். அந்த ‘தா’வுக்குள் செத்துவிடும். திரும்ப இரண்டு நிமிடம். நாலைந்து தடவை இதே கூத்து. பேட்டரி முனையில் 12.8 இருக்கிறது. ஏணி போட்டு மேலே ஏறி டப்பா முனையில் அளந்தால் 10.8, அனுப்ப ஆரம்பித்த உடனே இன்னும் கீழே. இரண்டு வோல்ட்டை வழியில் யார் தின்றது?

ஜாக்கைத் தொட்டேன், சுட்டது. அது கொஞ்சம் தின்றிருக்கிறது. மீதியைத் தின்றது கேபிள், அதில் தப்பு என்னுடையது. வேனில் கிடந்த ஒரு கட்டை அவசரத்துக்கு இழுத்திருந்தேன். அது முழுத் தாமிரம் இல்லை, அலுமினியத்துக்குத் தாமிரம் பூசிய ரகம். கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். நல்ல தாமிரக் கேபிள் 30 மீட்டருக்குப் போக வர இரண்டரை ஓம் வரும். இந்த அலுமினியம் நாலு ஓம். அரை ஆம்பியர் போனால் இரண்டு வோல்ட் காலி. கஸ்டமருக்கு மாட்டுகிற வேலையில் இந்தக் கேபிளைத் தொடவே கூடாது என்று பையன்களிடம் கத்துகிறவன் நான். சொந்த வேலை என்றதும் கிடைத்ததை இழுத்துவிட்டேன்.

பாயிடம் சொன்னபோது, "பூஸ்டர் போட்டுக்கங்க, 24 ஆக்கி அனுப்பிரலாம்" என்று ஒரு சின்ன போர்டை பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் போட்டுக் கொடுத்தார், 180 ரூபாய். கணக்குப்படி சரிதான். வோல்ட் இரண்டு மடங்கு என்றால் ஆம்பியர் பாதி, கேபிளில் விழுவதும் பாதி. டப்பா கல் மாதிரி நின்றது. மறுநாள் காலையில் தோப்பிலேயே, வெளியூரோடு பேசுகிற 7 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ செட்டை ஆன் செய்தேன். கர்ர்ர்ர் என்று ஒரே இரைச்சல். வழக்கமாகக் கேட்கிற கேரளாக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள் ஒருத்தரையும் காணோம். பூஸ்டரைக் கழற்றினால் சத்தம் போகிறது, மாட்டினால் வருகிறது. போர்டில் கவசமும் இல்லை, ஃபில்டரும் இல்லை, 30 மீட்டர் கேபிளே அதற்கு ஏரியல் ஆகிவிட்டது. பேரிடர்க் காலத்தில் மெஷ் ஒரு பக்கம் ஓட, எச்எஃப்-ல் (இந்த 7 மெகாஹெர்ட்ஸ் மாதிரி அலைவரிசைகளில்) வெளியூரோடு பேசுவதுதான் எங்களுக்கு முக்கியம். ஒன்றை ஓட்ட இன்னொன்றைச் செவிடாக்குவதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

நான் கடைசியில் செய்தது இது: பேட்டரிப் பெட்டியையே கம்பத்துக்கு மேலே கொண்டுபோய்விட்டேன். மூன்று கிலோதானே. டப்பாவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் அரை மீட்டர் நல்ல ஒயர், எக்ஸ்டி60 கனெக்டர். கீழே இறங்கும் கேபிளில் டேட்டா மட்டும். டேட்டாவுக்கு 30 மீட்டர் ஒரு தூரமே இல்லை, அந்த அலுமினியக் கேபிளிலேயே ஓடுகிறது. பூஸ்டர் வேண்டாம், இரைச்சல் இல்லை. ஆசிட் பேட்டரியை வைத்து இதைச் செய்திருக்க முடியாது. இந்தப் பெட்டிக்கு நான் தருகிற பெரிய மார்க்கே அதன் எடைக்குத்தான்.

இன்னொன்று, கேமரா வேலைக்காரர்கள் யாராவது படித்தால்: சில கேமரா ஸ்விட்சுகள் எதையும் கேட்காமலே 48 வோல்ட்டை நேராக அனுப்பும். அதை மெஷ் டப்பாவில் சொருகிப் புகை பார்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அளந்து பார்க்காமல் எதையும் சொருகாதீர்கள்.

ஃபியூஸ். கடையில் போடுவதில்லை. "பிஎம்எஸ் இருக்குல்லண்ணே, ஷார்ட் ஆனா அதுவே கட் பண்ணிரும்" என்கிறார். கட் பண்ணும், நன்றாக இருக்கிறவரை. பிஎம்எஸ்ஸுக்குள் கரண்டை நிறுத்துவது மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்சுதான். மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது கதவு திறந்தபடியே பூட்டிக்கொள்ளும். அப்புறம் யார் நிறுத்துவது? காருக்குப் போடுகிற 15 ஆம்பியர் தட்டை ஃபியூஸ், ஹோல்டரோடு 40 ரூபாய். பாசிட்டிவில் பேட்டரியை ஒட்டி நானே போட்டுக்கொண்டேன். ஏழாயிரம் ரூபாய் பெட்டியில் நாற்பது ரூபாயை மிச்சம் பிடிப்பது என்ன கணக்கோ.

இரண்டாவது ஒத்திகை. இந்தத் தடவை பெட்டியை வாத்தியார் மாடிக்குக் கொடுத்தேன், அங்கேதான் அடி விழும். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மெயின் ஆஃப். இரண்டு டப்பா, ரவுட்டர், கூடவே ஒரு ஐபி போன். வாட் மீட்டர் சராசரியாக 13 வாட் காட்டியது. வாத்தியார் நாற்காலி போட்டு மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். 12 மணிக்கு ஒரு கால், 2 மணிக்கு ஒரு கால். போன தடவை செத்த அந்த 1:40-க்கு அவரே எனக்கு அடித்தார், "தாண்டியாச்சு" என்று ஒரே வார்த்தை, வைத்துவிட்டார். தூக்கத்தில் எடுத்த நான் யாரோ ஊரில் போய்விட்டார்கள் போல என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறு காலை 10 மணிக்கு நிறுத்துவதாகப் பேச்சு. 16 மணி நேரம், 210 வாட் ஹவர் போயிருந்தது. மூடியில் இருந்த மீட்டர் நாலு கட்டை, ஃபுல். வாத்தியார் அதைப் பார்த்துச் சிரித்தார். "விடு, எதுவரைக்கும் போகுதுன்னு பாப்போம்" என்றார். பிற்பகல் மூன்றரைக்கு அந்த மீட்டர் இன்னும் மூன்று கட்டை காட்டிக்கொண்டிருந்தது. 4 மணி 5 நிமிடத்துக்கு எல்லாம் அணைந்தது. 22 மணி நேரம்.

அப்புறம் ஒரு சிக்கல். அடியோடு இறங்கி பிஎம்எஸ் கட் ஆன பெட்டியில் கடை சார்ஜரைச் சொருகினால் பச்சை விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை. வெளியே வோல்ட்டே தெரியாததால் பேட்டரியே இல்லை என்று சார்ஜர் நினைத்துக்கொள்கிறது. திங்கட்கிழமை தூக்கிக்கொண்டு ஓடினேன். பாய் இன்னொரு பெட்டியை எடுத்து, பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் ஒரு நொடி தொட்டார், எழுந்துகொண்டது. காசு வாங்கவில்லை. ஆனால் இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வெள்ள நேரத்தில் சிம்மக்கல்லுக்கு எப்படி வருவது? இப்போது பையில் ஒரு துண்டு ஒயரும், எழுப்பிவிட ஒரு சின்னப் பேட்டரியும் வைத்திருக்கிறேன்.

சோலார் பேனலும் வைத்திருக்கிறார்கள், 50 வாட். நான் வாங்கவில்லை. மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமா என்று பாய் கேட்டார். பங்குனி, சித்திரையில் பஞ்சமில்லை. எங்களுக்கு வேலை வருவது ஐப்பசி, கார்த்திகையில். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்த அன்றைக்கு வானத்தில் வெயிலா இருந்தது? மழைக்காலத்துக்கு இன்னொரு பேட்டரி வாங்குவதுதான் புத்தி. பேனல் வேண்டுமென்றால், நடுவில் மாட்டுகிற சார்ஜ் கன்ட்ரோலர் எல்எஃப்பிக்குத் தகுந்ததா என்று கேட்டு வாங்குங்கள். இந்தப் பெட்டிக்கு உச்சம் 14.6 வோல்ட். ஆசிட் பேட்டரிக்கு வைத்த கன்ட்ரோலர் சிலது அதற்கு மேலேயும் ஏற்றிப் பார்க்கும்.

வெளிநாட்டு ஹாம்கள் எழுதுவதைப் படித்தால், குளிரில் எல்எஃப்பியை சார்ஜ் பண்ணாதே, பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் கெட்டுவிடும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு அந்தக் கவலை கிடையாது. நம் கவலை கார் டிக்கி. மே மாதம் பூட்டிய காருக்குள் போட்டு வைக்காதீர்கள், வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் வையுங்கள்.

விலை: பெட்டி 6,800, 5 ஆம்பியர் சார்ஜர் 900. பேரம் பேசினேன், நூறு ரூபாய் குறைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், கணக்கு சரியாகிவிட்டது. சார்ஜ் ஏற ஐந்து மணி நேரம். வாரண்டி இரண்டு வருடம், அதை விசிட்டிங் கார்டு பின்னால் பேனாவால் எழுதித் தருகிறார். ஜிஎஸ்டி பில் கேட்டால்தான் வரும், கேளுங்கள். சந்துக்குள் வண்டி நிறுத்த இடமில்லை. வெள்ளிக்கிழமை 12 மணிக்கு மேல் போனால் தொழுகை முடிந்து இரண்டரைக்குத்தான் ஷட்டர் திறக்கும், வாசலில் தெருவிளக்குகளோடு நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

எனக்கும் தம்பிக்கும் இன்னும் இரண்டு பெட்டி சொல்லியிருக்கிறேன். செல் ஸ்டாக் வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார். இந்தத் தடவை மூடியில் மீட்டர் வேண்டாம், வட்ட ஜாக் வேண்டாம், ஃபியூஸ் கட்டாயம் வேண்டும் என்று நோட்டிலேயே எழுதவைத்தேன். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "ஃபியூஸ் மட்டும் நீங்களே வாங்கிட்டு வந்திருங்கண்ணே" என்றார்.